வட்டத்தில் பாதி கடல்

நாளுக்குப் பத்து ரிங்கிட்.
யார் யார் கண்ணில் பட வேண்டும் என்று
வரைபடம் கேட்டது.
ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டின்மேல் விரலை ஊன்றி
ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் இழுத்தேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்,
வட்டத்தில் பாதி கடல்.
இத்தனை நாளும் மீன்களிடம்
கூவிக்கொண்டிருந்திருக்கிறேன்:
குழாய் அடைப்பா? உடனே அழையுங்கள்!

புவனேஸ் அண்ணன் சிரிக்கவில்லை.
வேன் கடன் இரண்டு மாதம் நிலுவை.
விளக்குக் கம்பங்களில் நாங்கள் ஒட்டிய மஞ்சள் தாள்களை
மாநகர் மன்றத்தார் சுரண்டிப்போட்டு வெகு நாளாயிற்று.
தூங்கவிடாமல் அடிக்கிறதென்று முன்பு
தலையணைக்கடியில் அமுக்கி வைத்த கைப்பேசியை
இப்போது எடுத்து எடுத்துப் பார்க்கிறான்,
மூச்சிருக்கிறதா என்று.

நான் பாயான் லெப்பாஸில் பதினாறு வருடம்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுகளில் கீறல் தேடியவள்.
இந்தப் பத்துப் பத்து ரிங்கிட்டும்
ஆட்குறைப்பில் கொடுத்தனுப்பிய காசு.

முதலில் நான் போட்ட படத்தில்
பளிங்குக் குளியலறை,
பல் தெரியச் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம்.
அடைப்பெடுக்க ஆள் தேடுகிறவர் யாரும்
பல் தெரிய நிற்பதில்லை என்பது
எனக்கு உறைக்கவே இல்லை.
கணுக்கால் நனைய நிற்பார்கள்.
மூக்கைப் பொத்தியிருப்பார்கள்.
விடிந்தால் சம்பந்தி வீட்டார் வருவார்கள்.

வட்டத்தைப் பிடித்து மேற்கே நகர்த்தினேன்.
ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங்.
மலையடியில் இருபது மாடி, இருபத்தைந்து மாடி,
ஒன்றின் தலையில் ஒன்றாய் அடுப்படிகள்,
எல்லார் வீட்டு எண்ணெயும்
இறங்கி வரும் ஒரே குழாய்.

படத்தையும் மாற்றினேன்.
பதினோராம் மாடியில் அண்ணன்
கம்பிச்சுருளைச் சுழற்றி இழுத்துப் போட்டது:
முழங்கை நீளத்துக்கு முடி,
பாதிப் பல்துலக்கி,
கறுத்த கொழுப்புக்குள் யாரோ ஒரு பிள்ளையின்
பச்சை டைனோசர்.
இருபது விநாடிக் காணொளி.
பின்னணி இசை கிடையாது.
"ஐயய்யோ" என்று என் குரல் மட்டும்.

அது புலனத்தில் ஏறிப் போயிற்று,
மின்தூக்கி பழுதான பிளாட்டுகளிலும்.
நாலாயிரம் பேர் பார்த்ததில்
முப்பது பேர் கேட்டது, டைனோசர்
அந்தப் பிள்ளையிடம் திரும்பப் போனதா என்று.
ஒன்பது பேர் விலை கேட்டார்கள்.

எண்பது ரிங்கிட்டா? என் மச்சான் சும்மாவே செய்வான்.
"அப்ப மச்சானையே கூப்பிடுங்க"
என்று தட்டினேன்.
அழித்தேன்.
வணக்கம் ஐயா, என்று தொடங்கினேன்.

இரவு ஒன்றே முக்காலுக்கு ஒருத்தி,
மலாயும் ஹொக்கியனும் கலந்த அழுகை.
தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது,
பாய் மிதக்கிறது.
அண்ணன் சட்டையைப் படியில் இறங்கியபடி மாட்டினான்.

மறுநாள் திருமதி ஓய் இட்டது நான்கு நட்சத்திரம்:
வேலை சுத்தம். ஆள் வாயே திறப்பதில்லை.
ஐந்தாவது எங்கே என்று கேட்டான்.
வாயைத் திற, வரும் என்றேன்.
திறந்தான், கொட்டாவி விட.

இந்த மாதம் பதினான்கு வேலை.
வேனுக்கு ஒரு மாதத் தவணை கட்டியாயிற்று,
இன்னொன்று அப்படியே நிற்கிறது.
நேற்று யாரும் அழைக்கவில்லை.

வட்டத்தின் கிழக்கு ஓரம்
இன்னும் கொஞ்சம் கடலில்தான் கிடக்கிறது.
அதை நான் திருத்தவில்லை.
பட்டர்வொர்த்தில் வேலை முடிந்து
ஃபெர்ரியில் வருகிற எவரோ
காலையில் வடியாமல் விட்டுவந்த தொட்டி நினைவுக்கு வந்து
நடுக்கடலில்
கைப்பேசியைத் திறக்கலாம்.